சுண்ணாம்பு போடாத டிரம்

“நான் கேக்கது ஒரே ஒரு கையெழுத்து மைனி! அதுக்கு என்னமோ உங்க கிட்னியக் கேட்ட மாதிரி கத்துதிய!”

“கிட்னிய கேட்டிருந்தாலாவது யோசிச்சிருப்பேன். நீரு மண்ணையில்லா கேக்கீரு!”

காலை எட்டு மணிக்கு அன்பின்விளை நடுத்தெருவில் இந்தச் சத்தம். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷை வாயிலிருந்து எடுக்காமலேயே வாசலுக்கு வந்தார்கள். எதிர் வீட்டுக்காரிக்குக் காயப்போட வேண்டிய துணி அன்றைக்கு ரொம்பவே அதிகமாக இருந்தது. ஒரே பாவாடையை மூன்று தடவை உதறினாள்.

கத்தியது அருமைநாயகம். சாத்தான்குளம் பஜாரில் உரக்கடை வைத்திருப்பவர். பதிலுக்குக் கத்தியது அவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி ஞானதீபம் டீச்சர். முப்பத்தொரு வருஷம் ஆரம்பப் பள்ளியில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குப் பதினாறு வருஷமாகச் செயலாளர். ஊரில் எவன் வாயிலாவது சாராய வாடை அடித்தால் ஞாயிற்றுக்கிழமை அவன் பெண்டாட்டியை விட டீச்சர்தான் முதலில் அழுவார்.

விஷயம் இதுதான். சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று ஆறு ஏக்கர் ஒரே துண்டாக வேண்டும் என்று வந்து நிற்கிறது. அதில் மூன்று ஏக்கர் அருமைநாயகத்துடையது, பக்கத்து மூன்று டீச்சருடையது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே போர்வெல். ஆறும் கிடைத்தால் வாங்குவார்கள், மூன்று மட்டும் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே கொழுந்தனாருக்கு மைனியின் கையெழுத்து வேண்டும்.

“அந்த மூணு ஏக்கரை வச்சு என்னத்தைக் கண்டிய? போன வருசம் உளுந்து வெளைஞ்ச லெட்சணம் ஊருக்கே தெரியும்லா?”

“உம்ம கடை உரத்தைப் போட்டுதான் அந்த லெட்சணம். இந்தத் தடவை ஒரு சிட்டிகை போட மாட்டேன். பாக்டீரியா போடப்போறேன்.”

“என்னது?”

“பாக்டீரியா. ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா. வேளாண்மை ஆபீசுல பயிற்சிக்குப் போனேம்லா.”

அருமைநாயகம் தெருவைப் பார்த்துச் சிரித்தார். தெருவும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தது. “கிருமிக்குப் பயந்து ரெண்டு வருசம் மாஸ்க்கோட ஜெபம் பண்ணுன ஆளு, இப்பம் கிருமியை வெலை கொடுத்து வாங்குதாவளாம்! எழுதி வச்சுக்கோங்க. என் வயலை விட ஒரு கிலோ கூட எடுத்துட்டியன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். கொறைஞ்சா?”

“கொறைஞ்சா கையெழுத்துப் போடுதேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் டீச்சருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் தெருவுக்கும் விழுந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எதிலும் தன் இஷ்டப்படி கையெழுத்துப் போட்டுப் பழகாத பெண்மணி. என்ன விதைப்பது, என்ன உரம் போடுவது என்று கணவர் இருந்தவரை கணவரும், பிறகு கொழுந்தனாரும் முடிவு செய்தார்கள். இந்த மாசிப் பட்டத்து விதைப்புதான் முதல்முதலாக அவராக எடுத்த முடிவு. அது தோற்றால் வயல் மட்டும் போகாது, இனி எந்த முடிவும் தன் கையில் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

மகள் ஜெப்ஸி தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை ஊருக்கு வருவாள். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எம்மா, பந்தயம் கட்டுததுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலியா? அவரு தொழிலே உரந்தானே” என்றாள்.

“அவரு தொழில் உரம். செடிக்கு என்ன வேணும்னு செடிக்குத்தான் தெரியும்” என்றார் டீச்சர். பயிற்சியில் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்திருந்தார். காற்றில் இருக்கிற தழைச்சத்தை இந்த ரைசோபியம் பிடித்து உளுந்தின் வேரில் முடிச்சுப் போட்டுக் கொடுக்கும். மண்ணில் கல்லாக இறுகிக் கிடக்கிற மணிச்சத்தைப் பாஸ்போபாக்டீரியா கரைத்துக் கொடுக்கும். வீட்டில் இரண்டு சமையல்காரிகளைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, மூன்று வேளையும் ஓட்டலில் எடுப்புச் சாப்பாடு வாங்குகிற கதையாக அல்லவா இத்தனை வருஷம் நடந்திருக்கிறது என்று அவருக்கு ஆத்திரம்.

விதை நேர்த்தியை டீச்சர் பயிற்சியில் கொடுத்த தாளில் சொன்னபடி செய்தார். கஞ்சியை நன்றாக ஆறவைத்து, பாக்டீரியா பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கி, உளுந்தைப் புரட்டி, நிழலில் உலர்த்தினார். வெயில் பட்டால் கிருமி செத்துவிடும் என்று, நிழல் நகர நகர சாக்கையும் இழுத்துக்கொண்டே போனார். இதில் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. சொல்ல முடியவில்லையே என்று தெருவுக்கு வருத்தம்தான்.

தடுக்கி விழுந்தது டிரம்மில்.

விதைத்த பிறகு பாசனத் தண்ணீரோடு விடுவதற்கு இந்தக் கிருமிகளைப் பெருக்க வேண்டும். வெல்லக் கரைசலில் ஒரு பாட்டில் கிருமியை ஊற்றி, ஐந்து நாள் நிழலில் வைத்து, காலையும் மாலையும் கிளறிவிட வேண்டும் என்று தாளில் இருந்தது. டீச்சர் யோசித்தார். வெல்லமா? நம் வயல் வரப்பிலேயே பன்னிரண்டு பனை நிற்கிறது. சுடலைக்கண்ணன் தினமும் ஏறிப் பதநீர் இறக்குகிறான். வெல்லத்தை விடக் கருப்பட்டி உசத்தி, கருப்பட்டியை விடப் பதநீர் உசத்தி. கிருமியானாலும் நம்மூர்க் கிருமி, நல்லதைச் சாப்பிடட்டுமே.

ஐம்பது லிட்டர் நீல டிரம் ஒன்று வாங்கி, பின்வாசலுக்கு அடுத்த மோட்டார் ரூம் ஓரம், வாய்க்கால் கரையில் வைத்தாயிற்று. சுடலைக்கண்ணனைக் கூப்பிட்டு டீச்சர் விரலை ஆட்டினார்.

“ஏ சுடலை, கலயத்துக்குச் சுண்ணாம்பு நல்லாத் தடவணும். எப்பவும் தடவுறதை விட ரெண்டு மடங்கு. கொஞ்சம் கொறைஞ்சாலும் கள்ளாயிரும். என் வீட்டுப் பக்கம் அந்த நாத்தம் வரப்படாது, சொல்லிட்டேன்.”

“வராது டீச்சரம்மா” என்றான் சுடலைக்கண்ணன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஐந்து நாள் ஆயிற்று. டிரம் செத்த குளம் மாதிரி கிடந்தது. நுரை இல்லை, வாடை இல்லை. ஆறாம் நாள் டீச்சர் ஒரு சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து வேளாண்மை அலுவலர் செல்வராணியிடம் போனார். செல்வராணி முகர்ந்து பார்த்தாள்.

“டீச்சர், பதநீர்ல எதுக்குச் சுண்ணாம்பு போடுதோம்?”

“புளிக்காம இருக்கதுக்கு.”

“புளிக்க வைக்கது யாரு?”

டீச்சர் சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு அறிவியலில் இதை முப்பது வருஷம் கேள்வியாகக் கேட்டு, பதில் சொல்லாதவனுக்கு முழங்கையில் கிள்ளும் கொடுத்தவர்.

“கிருமி வரக்கூடாதுன்னு போடுத சுண்ணாம்புல கிருமியை வளத்தா எங்கன டீச்சர் பொழைக்கும்?” என்றாள் செல்வராணி. “பேசாம வெல்லத்தைக் கரைச்சு ஊத்துங்க. தண்ணியும் நிறைய சேக்கணும்.”

இதில் பாதியைத்தான் டீச்சர் கேட்டார். சுண்ணாம்பு கூடாது என்பது வரைக்கும் காதில் ஏறியது. பதநீரை விடவும் மனம் வரவில்லை. தண்ணீர் சேர்த்தால் கிருமி மெலிந்துவிடும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் சுடலைக்கண்ணனை நிறுத்தி, “இனிமே என் டிரம்முக்குச் சுண்ணாம்பு தொடாத கலயத்துல இறக்கணும்” என்றார்.

சுடலைக்கண்ணன் கலயத்தைக் கீழே வைத்தான். “நெசமாத்தான் சொல்லுதியளா?”

“ஒரு பொட்டு சுண்ணாம்பு இருக்கப்படாது.”

“நீங்களா சொல்லுதிய. நானா எதுவும் கேக்கலை” என்றான். அவன் நடந்துபோன நடையில் ஒரு துள்ளல் இருந்ததை எதிர் வீட்டுக்காரி கவனித்தாள்.

மறுநாளே டிரம்முக்கு உயிர் வந்துவிட்டது. வெள்ளையாக நுரை தள்ளியது. காதை வைத்தால் பொசுபொசுவென்று சத்தம். புளித்து, இனித்து, மூக்கில் ஏறுகிற ஒரு வாடை பின்வாசலில் கிளம்பி நடுத்தெருவைத் தாண்டி, வெயில் ஏற ஏறக் கோயில் வாசல் வரைக்கும் போயிற்று. டீச்சருக்கு ஆனந்தம். உயிருள்ள பாக்டீரியாவின் வாடை இதுதான் போலிருக்கிறது என்று நோட்டில் எழுதிவைத்தார். பதினாறு வருஷம் கள்ளைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர் அதன் பக்கத்தில் ஒருநாளும் நின்றதில்லை. சாராயம், பிராந்தி வாடைதான் அவருக்குத் தெரியும்.

தெருவுக்குத் தெரியும். வாடை வந்த அரைமணி நேரத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் யார் போய்ச் சொல்வது? “டீச்சர், இது கள்ளு” என்று ஒருவன் சொன்னால், “உனக்கு எப்படித் தெரியும்?” என்று டீச்சர் கேட்பார். சங்கத்தில் உறுதிமொழிக் கையெழுத்துப் போட்டவர்கள் நடுத்தெருவில் மட்டும் நாற்பத்திரண்டு பேர். ஆகவே நாற்பத்திரண்டு பேரும் இயற்கை விவசாயத்தை ஆதரித்தார்கள்.

சாயங்காலமானால் சுடலைக்கண்ணன் டிரம்மைக் கிளற வந்தான். இரண்டாம் நாள் கூட இருவர் வந்தார்கள். நான்காம் நாள் ஏழு பேர். “டீச்சர், நீங்க போயி உக்காருங்க, நாங்க கிளறுதோம்” என்றார்கள். மண்ணைப் பற்றி ஆண்பிள்ளைகளுக்கு இவ்வளவு அக்கறையா என்று டீச்சர் நெகிழ்ந்துபோனார். காலையில் பார்த்தால் டிரம் முக்கால்வாசி இறங்கியிருக்கும்.

“எப்படிக் கொறைஞ்சுது சுடலை?”

“கிருமி சாப்பிடுதுல்லா டீச்சரம்மா. வளருத கிருமி. நான் புதுசா ஊத்திருதேன்.”

“இவ்வளவா சாப்பிடுது!” என்று டீச்சர் அளவு குறித்துக்கொண்டார். அன்றாடம் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி பாக்டீரியாவையும் புதிதாக ஊற்றிவந்தார், அதில் குறை வைக்கவில்லை.

இந்தப் பக்கம் அருமைநாயகத்துக்கு நேரம் சரியில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரவேண்டிய டி.ஏ.பி. உரக் கப்பல் வரவில்லை. உரக் கம்பெனிப் பிரதிநிதி நேசக்குமார் வாரம் ஒருமுறை துறைமுகக் குடோனிலிருந்து பைக்கில் வந்து, “இன்னும் வரலை அண்ணாச்சி” என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். கடை வாசலில் ‘டி.ஏ.பி. ஸ்டாக் இல்லை’ என்று அட்டை தொங்கியது. உரம் கேட்டு வந்த விவசாயச் சம்சாரிகள் மீது எரிந்து விழுந்துகொண்டிருந்த அருமைநாயகத்துக்கு, தன் வயலுக்குக்கூட ஒரு மூட்டை இல்லை. அந்த எரிச்சலில் ஒருநாள் மைனி வீட்டுப் பக்கம் வந்தவர் மூக்கில் வாடை ஏறியது. அவர் போனை எடுத்தார்.

மறுநாள் காலை மதுவிலக்குப் பிரிவு ஏட்டு பாண்டித்துரை வந்து இறங்கினார். பாக்டீரியாவைப் பார்க்க வந்தவர் என்று நினைத்து, டீச்சர் அவரைக் கையோடு பின்வாசலுக்கு அழைத்துப்போனார்.

“வாங்க, வாங்க. நல்லாப் பாருங்க. உங்க வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரு பாட்டில் தாரேன்.”

ஏட்டு குனிந்தார். நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். “எத்தனை நாளா இருக்கு டீச்சர்?”

“முதல் தடவை செத்துப்போச்சு. இப்பம் ஒரு வாரமாத்தான் உசிரோட இருக்கு. காதை வச்சுக் கேளுங்க, சத்தம் கேக்கும். இந்த வாடை வருதுல்லா, அதான் அடையாளம்.”

“டீச்சர், இது கள்ளு.”

பின்வாசலில் அதற்குள் தெருவே கூடியிருந்தது, முன்வரிசையில் அருமைநாயகம். டீச்சர் வகுப்பறைக் குரலில் கேட்டார்: “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு உத்தியோகமே அதுதான். இங்கன நிக்கவங்களுக்கு எப்படித் தெரியும்னு அவங்களைக் கேளுங்க.”

டீச்சர் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உறுதிமொழி எடுத்த நாற்பத்திரண்டு பேரில் வந்திருந்த முப்பது பேரும் தரையில் எதையோ தேடினார்கள். சுடலைக்கண்ணன் பனை உச்சியில் இருந்தான். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் இறங்கவே இல்லை.

“வழக்கு எழுதுனா நாளைக்குப் பேப்பர்ல வரும்” என்றார் ஏட்டு, குரலைத் தணித்து. “மதுவிலக்குச் சங்கச் செயலாளர் வீட்டுல கள்ளுன்னு போடுவான். எனக்கும் மனசு ஒப்பலை. கொட்டிருங்க, நான் பாக்காத மாதிரி போயிருதேன்.”

“நான் கொட்டுதேன்!” என்று முன்னால் பாய்ந்தார் அருமைநாயகம். வேட்டியை மடித்துக் கட்டி, டிரம்மைக் காலால் ஓங்கி ஒரு உதை. டிரம் சரிந்தது. ஐம்பது லிட்டரும் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போர்த் தண்ணீர் ஒருநாள் மைனிக்கு, ஒருநாள் கொழுந்தனாருக்கு. அன்றைக்குக் கொழுந்தனார் முறை. மடை அவர் வயல் பக்கம் திறந்திருந்ததை டீச்சர் பார்த்தார்.

“கொழுந்தனாரே, வாய்க்கா...”

“நீங்க இனிமே வாயைத் திறக்காதிய மைனி! குடும்ப மானத்தையே வாங்கிட்டிய!”

மடையைத் தாண்டி அவர் வயலுக்குள் இறங்குகிற நுரையை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ‘என் வீட்டில் கள் இருந்தது உண்மை’ என்று ஒரே வரி. சங்கம் அவசரக் கூட்டம் போட்டு இரண்டே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டது. இனி யாரும் யாரையும் “உனக்கு எப்படித் தெரியும்” என்று கேட்க வேண்டாமே. டீச்சர் அதன் பிறகு நாற்பது நாள் முன்வாசல் வழியாக வெளியே வரவில்லை. பின்வாசல் வழியாக வயலுக்குப் போவார், வருவார். உளுந்து நன்றாகத்தான் வந்தது. ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் அதைவிட நன்றாக வந்தது. அங்கே பச்சை கொஞ்சம் கறுத்தே தெரிந்தது. டீச்சர் இரண்டையும் பார்த்துக்கொண்டு, தினமும் மனத்துக்குள் கையெழுத்துப் போட்டுப் பழகினார்.

சித்திரை முடிய, கதிரடிக்கும் மெஷின் வந்தது. இரண்டு வயல் உளுந்தும் ஒரே நாளில் அடித்தாயிற்று. எடை போட நடுநிலையான ஆள் வேண்டும் என்று நேசக்குமாரை அருமைநாயகமே வரவழைத்திருந்தார். ஊர் முழுக்கக் களத்தில் நின்றது. மூட்டைக்கு நூறு கிலோ கணக்கில் டீச்சருக்கு ஒன்பது மூட்டை முப்பது கிலோ. அருமைநாயகத்துக்குப் பத்து மூட்டை பத்துக் கிலோ.

“எண்பது கிலோ கூட!” என்று அருமைநாயகம் கையைத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். “மைனி, பேனா வச்சிருக்கியளா, நான் தரட்டுமா?”

டீச்சர் தன் பேனாவையே எடுத்தார். மூடியைக் கழற்றினார். ஜெப்ஸி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேசக்குமார் தராசை அணைக்காமல், ஜெப்ஸியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டான்: “கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதணும் அண்ணாச்சி. டி.ஏ.பி. எத்தனை மூட்டை போட்டிய?”

“ஏக்கருக்கு ஒண்ணு, மொத்தம் மூணு! பெறகு வேற எதுல வரும் இந்த வெளைச்சல்?”

“மூணா?” என்றது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். வன்னியபெருமாள். மூன்று தடவை உரத்துக்கு அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய சம்சாரி. “ஏ அண்ணாச்சி, ஒரு மூட்டைகூட இல்லைன்னு என்னைய நாயை விரட்டுத மாதிரி விரட்டுனீரே. என் உளுந்து முழங்கால்கூட வரலை. உமக்கு மட்டும் மூணு எங்கன இருந்து வந்துது?”

“அதானே” என்றார் இன்னொருவர். “பதுக்கி வச்சிருந்தீரோ?” என்றார் மற்றொருவர். கூட்டம் இரண்டடி முன்னால் வந்தது. அருமைநாயகத்தின் கையிலிருந்த தாள் மடங்கியது.

டீச்சர் பேனாவைப் பிடித்தபடியே நின்று யோசித்தார். மோட்டார் ரூம் கதவில் முறைத் தண்ணீருக்குச் சாக்பீஸில் போட்ட கோடுகள் அவருக்கு இங்கிருந்தே தெரிந்தன.

“மூணு மூட்டை போட்டேன்னு அடிச்சுச் சொல்லும் கொழுந்தனாரே, கையெழுத்துப் போடுதேன்” என்றார். “இவங்க முன்னால சொல்லும். போடலைன்னா, டிரம்மை உதைச்ச அன்னைக்கு யாரு முறைன்னு அந்தக் கதவைப் பாத்துச் சொல்லும். என் டிரம்முல இருந்தது அம்புட்டும் எந்த வயலுக்குப் போச்சு?”

அருமைநாயகம் கதவைப் பார்த்தார். வன்னியபெருமாளைப் பார்த்தார். போட்டேன் என்றால் கடை போகும். போடவில்லை என்றால் ஜெயித்தது மைனியின் கிருமி என்றாகி ஆறு ஏக்கர் போகும். கடைசியில் கடை ஜெயித்தது.

“போடலைடே” என்றார். “ஸ்டாக் இருந்தாத்தானே போடதுக்கு. ஒரு மணிகூடப் போடலை.”

“அப்பம் இந்த எண்பது கிலோ?” என்றார் டீச்சர்.

“அது கள்ளுன்னு நீங்களே எழுதிக் குடுத்தியளே மைனி! இப்பம் கிருமிங்கியளா?”

களமே டீச்சரைப் பார்த்தது. பதினாறு வருஷச் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கள்ளும் இருந்துது. கிருமியும் இருந்துது” என்றார் சத்தமாக. “ரெண்டும் உம்ம வயல்லதான் வேலை பாத்திருக்கு.”

முதலில் கைதட்டியது சுடலைக்கண்ணன். பிறகு நாற்பத்திரண்டு பேரும் தட்டினார்கள். டீச்சர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

பிற்பாடு செல்வராணி வந்து கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தாள். “அந்த அளவு புளிச்சதுல ரைசோபியம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது டீச்சர். அந்த மண்ணுலயே ஏற்கனவே இருந்திருக்கலாம். உங்க வயலுக்கு விதை நேர்த்தியே போதுமான பலன் குடுத்திருக்கு, அதான் நெசமான சேதி” என்றாள். டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முதல் பாதியை நோட்டில் எழுதவில்லை.

சூரிய மின்சாரக் கம்பெனி கயத்தாறு பக்கம் வேறு நிலம் பார்த்துக்கொண்டது. அருமைநாயகத்தின் கடையில் இப்போது முன்வரிசை அலமாரியில் பாக்டீரியா பாட்டில்கள் அடுக்கியிருக்கின்றன. வாங்குகிறவர்களிடம் “என் வயல்ல போட்டுப் பாத்த சரக்கு” என்கிறார், அதில் பொய் ஒன்றும் இல்லை. மைனியோடு பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

ஜெப்ஸி அடுத்த தை மாதம் நேசக்குமாரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கேள்வியை அவன் தானாகக் கேட்டானா, யாராவது கேட்கச் சொன்னார்களா என்பது இன்னும் நடுத்தெருவில் முடியாத வழக்கு. இருவரும் முத்தையாபுரத்தில் குடியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பகலெல்லாம் துறைமுகத்தில் உர மூட்டை எண்ணுகிறான். மாடியில் அவள் கருப்பட்டி கரைத்த டிரம்மில் வெண்டைக்குக் கிருமி வளர்க்கிறாள். செல்வராணிக்கு மாற்றல் வந்து அவளும் கயத்தாறு போய்விட்டாள்.

டீச்சர் இந்த மாசியிலும் டிரம் வைத்தார். வெல்லமும் தண்ணீரும்தான், தாளில் சொன்னபடி. நிறைய நுரை இல்லை, பெரிய வாடையும் இல்லை. கிளற யாரும் வரவில்லை. தினமும் அவரேதான் கிளறுகிறார். சுடலைக்கண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு உடன்குடிப் பக்கம் குடிபோய்விட்டான், அங்கே பனை அதிகமாம்.